ஆயிரம் பேர் வந்து போன நூலகம்

பொன்னுலகம் மருத்துவக் கல்லூரி நூலகத்தின் வாசல் நிலைக்கு மேலே ஆள் எண்ணும் கருவியைப் பொருத்திய திங்கட்கிழமை காலை, உதவியாளர் சடையாண்டி அதன் கண்ணுக்குச் சந்தனம் இட்டுக் குங்குமமும் வைத்தார். அதனால் மதியம்வரை அது யாரையும் பார்க்கவில்லை. நூலகத்துக்கு வந்தவர்கள் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டிருந்தது. நூலகர் கிளாரா கைக்குட்டையால் துடைத்துவிட்ட பிறகு, மாலை ஐந்து மணிக்குள் நாற்பத்தொன்று ஆனது. அதில் பன்னிரண்டு, சடையாண்டி ஆறு முறை டீக்கடைக்குப் போய் வந்தது. கருவிக்கு வருவதும் ஒன்று, போவதும் ஒன்று.

கருவியை அனுப்பியது கல்லூரியின் தர உறுதிப் பிரிவு. அந்தப் பிரிவில் நான்கு பேர் இருந்தார்கள். கல்லூரியில் நடக்கிற எல்லாவற்றையும் எண்ணுவது அவர்கள் வேலை. அவர்களை எண்ணத்தான் ஆள் இல்லை.

திண்டுக்கல்லிலிருந்து எரியோடு போகிற சாலையில், ஆஸ்பத்திரியும் கல்லூரியும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒரே கட்டடமாக நிற்கும். அதன் தரைத்தளத்தில் நட்டநடுவே நூலகம். அதற்கு ஒரு பக்கம் புறநோயாளிகள் பிரிவு, மறுபக்கம் மாத்திரை கொடுக்கும் மருந்தகம். இருபத்திரண்டு வருடம் முன்பு கிளாரா வேலைக்குச் சேர்ந்தபோது மாணவர்கள் உட்கார இடமில்லாமல் ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து படித்தார்கள். இப்போது அவர்களுடைய பாடப்புத்தகம், குறிப்பு, கேள்வித்தாள், கேள்வித்தாளுக்குப் பதில் எல்லாம் கைப்பேசிக்குள் வந்துவிட்டன. வெளிநாட்டு ஆய்விதழ்கள் விலை கட்டுப்படியாகாமல் ஒவ்வொன்றாக நின்றுபோயின. கடைசியாக நின்ற இதழின் கடைசிப் பிரதி, இரண்டு வருடமாக 'புதிய வரவுகள்' தட்டில் இருந்தது.

ஆனாலும் நூலகத்தில் ஒரு மூலை உயிரோடு இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபோது புத்தகப் பட்டியல் அட்டைகளைக் கழித்துவிட்டு, அட்டைகள் இருந்த தேக்கு அலமாரியை மட்டும் கிளாரா வைத்துக்கொண்டாள். ஐந்து வரிசை, வரிசைக்கு எட்டு இழுப்பறை. அதற்குள் இருந்தவை பூச்சிமருந்து டப்பாக்களின் லேபிள்கள். எரியோடு, கன்னிவாடி, தொப்பம்பட்டி என்று சுற்று வட்டாரக் கடைகளில் விற்கிற ஒவ்வொரு மருந்தின் லேபிளையும் உரித்து, காயவைத்து, அட்டையில் ஒட்டி, பின்பக்கத்தில் அதற்குள் இருக்கும் விஷம் என்ன, மாற்று மருந்து என்ன என்று எழுதி வைத்திருந்தாள்.

அந்த அலமாரியை வேறு எந்த நூலகருக்கும் காட்ட முடியாது. காட்டினால் சிரிப்பார்கள். அது அகரவரிசையில் இல்லை, எண்வரிசையில் இல்லை. மூடியின் நிறம், டப்பாவில் போட்டிருக்கும் படம், இந்த இரண்டும்தான் வரிசை. மஞ்சள் மூடி வண்டு. நீல மூடி நெற்கதிர். சிவப்பு மூடி புலி. ஏனென்றால், தோட்டத்தில் மருந்தடித்து மயங்கி விழுந்தவரை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வருகிற யாருக்கும் மருந்தின் பெயர் தெரியாது. நிறம் தெரியும், படம் தெரியும். அவசரப் பிரிவு டாக்டர் நூலகத்துக்குப் போன் போடுவார்: "மேடம், பச்சை மூடி, மேல பாம்பு." கிளாரா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டே இழுப்பறையைத் திறப்பாள். பத்து எண்ணுவதற்குள் பதில் போய்விடும்.

இந்த வரிசையில் பாதி அவள் யோசனை, பாதி ஞானதாஸின் யோசனை. பதினாறு வருடம் முன்பு ஞானதாஸ் அங்கே பயிற்சி மருத்துவர். தொப்பம்பட்டிக்காரர் ஒருவர் என்ன மருந்து குடலுக்குள் போனது என்று தெரியாமலே அவர் கையிலேயே உயிரை விட்டார். ஞானதாஸ் நூலகத்துக்கு வந்து, யாரும் பார்க்காத இடம் என்று நினைத்து அந்த அலமாரி மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு ஒரு வருடம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருடைய ஸ்கூட்டரும் கிளாராவின் ஸ்கூட்டியும் கடை கடையாகப் போயின. சிவப்பு மூடிப் புலியில் இரண்டு புலி உண்டு, ஒன்று உட்கார்ந்திருக்கிறது, ஒன்று பாய்கிறது, இரண்டுக்கும் உள்ளே வேறு வேறு விஷம் என்று கண்டுபிடித்தவரே அவர்தான். இரண்டு புலிக்கும் தனித்தனி இழுப்பறை வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார்.

அப்புறம் அவர் மேற்படிப்புக்குப் போனார். போன வருடம் டீனாகத் திரும்பி வந்தார். கிளாரா மணிக்கூண்டுப் பக்கத்துப் பேக்கரியில் கேக் வாங்கி, நூலகத்தில் எல்லோருக்கும் கொடுத்தாள். எல்லோரும் என்றால் சடையாண்டி.

கருவி வைத்து இரண்டு வாரம் கழித்து டீன் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு வரைபடம் இருந்தது. கல்லூரியின் எல்லாப் பிரிவுகளும் கோபுரமாக நிற்க, நூலகம் மட்டும் குனிந்து நுழைகிற திட்டிவாசலாகத் தெரிந்தது.

"நீங்க நல்லா வேலை செய்றீங்கன்னு எனக்குத் தெரியும் மேடம்," என்றார் ஞானதாஸ். "ஆனா எனக்குத் தெரிஞ்சா பத்தாது. கருவிக்குத் தெரியணும்."

கிளாரா தன் நோட்டை நீட்டினாள். போன வருடம் மட்டும் அவசரப் பிரிவிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு போன் அழைப்பு வந்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், மூடி, படம், நோயாளி பிழைத்தாரா என்பதுவரை எழுதியிருந்தாள். டீன் பக்கங்களைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூடினார்.

"போனுக்கு ஏது மேடம் காலு? நிலையைத் தாண்டி வந்தாத்தான கணக்கு."

அதன் பிறகு குரலை இறக்கி, அவள் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்ததை அவரே சொன்னார். மார்ச்சில் ஆய்வுக்குழு வருகிறது. அதற்குள் நூலகத்துக்கு நாளொன்றுக்கு ஆயிரம் வருகை காட்டிவிட்டால், அந்த மூலையில் இருபத்துநாலு மணி நேர நஞ்சுத் தகவல் மையம். தனித் தொலைபேசி. ராத்திரிக்கு இரண்டு ஆள். பொறுப்பாளர் கிளாரா. தாளாளரிடம் பேசியாகிவிட்டது. அவள் வீட்டுக்குப் போனபின் வருகிற நோயாளிக்கு யார் இழுப்பறையைத் திறப்பார்கள் என்பதுதான் இத்தனை வருடமாக அவள் நெஞ்சில் கிடந்த கல். அதை எடுத்துப் போடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்வாள். செய்தாள்.

முதலில் மாணவர்கள் விரல் வைக்கிற வருகைப் பதிவு இயந்திரத்தை வகுப்பு வாசலிலிருந்து நூலகத்துக்குள் கொண்டுவந்தார்கள். மாணவர்கள் ஓடி வந்தார்கள், விரலை வைத்தார்கள், ஓடிப்போனார்கள். ஒருவனும் வலப்பக்கம் திரும்பி அலமாரிகளைப் பார்க்கவில்லை. எண்ணிக்கை அறுநூறு ஆனது. "தினமும் அறுநூறு பேர் நூலகத்தைக் கையால் தொடுகிறார்கள்" என்று தர உறுதிப் பிரிவு அறிக்கை எழுதியது.

அறுநூறில் அது நின்றுவிட்டது. பிப்ரவரியில் தர உறுதிப் பிரிவு இன்னொரு யோசனை சொன்னது. புறநோயாளிகள் பிரிவிலிருந்து மருந்தகத்துக்குப் போகிற நடைவழியைக் கயிறு கட்டி மறைத்துவிடுவது. 'மருந்தகத்துக்கு இந்த வழி' என்று அம்புக்குறி போட்டு நூலகத்துக்குள் விட்டுவிடுவது. பின்பக்கக் கதவைத் திறந்தால் நேரே மருந்தகம்.

கயிற்றைக் கட்டச் சொன்னபோது சடையாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"வழிய விட்டா அப்புறம் இடத்தையும் கேப்பாக மேடம். எங்க எரியோட்டுத் தோட்டத்துல நாங்க அப்படித்தான் வரப்ப இழந்தோம்."

"டாக்டர் ஞானதாஸ் அப்படிப்பட்ட ஆளில்ல," என்று சொல்லி, கிளாரா ஸ்டூல் போட்டு ஏறிக் கயிற்றைத் தானே கட்டினாள்.

அன்று முதல் நூலகத்தில் ஜனம் பெருகியது. மருந்துச் சீட்டைப் பிடித்தபடி வேடசந்தூர் ஜனம் வந்தது, சக்கர நாற்காலிகள் வந்தன, ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே சிலர் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள். குழந்தைகளின் ஈரத்துணி ஆய்விதழ்த் தட்டுகளில் காய்ந்தது. கன்னிவாடியிலிருந்து வந்த ஒருவர் காலைக் கட்டிய கோழியோடு வந்து, மாத்திரை வாங்கி வரும்வரை பார்த்துக்கொள்ளச் சொல்லி அதைக் கிளாராவின் மேசைக்கால் பக்கம் விட்டுவிட்டுப் போனார். கோழி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு நிலைக்கும் மேசைக்கும் நடந்து அன்று முப்பத்தாறு வருகை பதிவு செய்தது. எண்ணிக்கை இரண்டாயிரத்தைத் தாண்டியது. அந்த மாதம் இரவல் போன புத்தகம் மூன்று. அவற்றில் ஒன்றின் மேல் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனப் பாத்திரத்தை வைத்து யாரோ தூக்கிப் போயிருந்தார்கள்.

போன் மணி அடித்தால் கிளாராவுக்குக் கேட்பது சிரமமாகிவிட்டது. ஆனால் மார்ச்சு பக்கத்தில் இருந்தது. பொறுத்துக்கொண்டாள்.

ஆய்வுக்குழுவில் மூன்று பேர். தலைவர் டாக்டர் கிளெமென்ட். நூலகத்துக்குள் வந்தவர் அசந்து நின்றுவிட்டார். நோயியல் தொகுதியைத் தலைக்கு வைத்துப் பெரியவர் ஒருவர் உறங்கிக்கொண்டிருந்தார். "நூலோடு இவ்வளவு நெருக்கம்," என்று குழுத்தலைவர் எழுதச் சொன்னார். ஒரு பெண் அவர் கையைப் பிடித்து, "ஏய்யா, சக்கர மாத்திரை இங்கயா, அங்கிட்டா?" என்று கேட்டாள். "பாருங்க, தகவல் தாகம். பாமரர்கிட்ட. இது எந்தக் கல்லூரியிலயும் இல்ல," என்று மற்ற இருவரிடம் சொன்னார். அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லவில்லை.

கிளாரா அவரை அலமாரி மூலைக்கு அழைத்துப் போய் ஓர் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். அவர் ஒரு லேபிளை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்குக் கருவி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் லேபிளைத் திரும்ப வைத்தார். வேறு இழுப்பறையில் வைத்தார்.

ஏப்ரலில் பாராட்டு விழா. மாநிலத்திலேயே அதிகம் பேர் வந்து போகும் மருத்துவ நூலகம் என்று கேடயம் வந்திருந்தது. கிளாராவுக்குப் பொன்னாடை போர்த்தி இரண்டாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். டீன் மைக்கைப் பிடித்தார்.

"நூலகம்னா புத்தகம்னு நினைச்ச காலம் போச்சு. நூலகம்னா இடம். இடம்னா வழி. வழின்னா மக்கள். இரண்டாயிரம் பேர் ஒரு நாளைக்கு நடந்து போற இடம் நம்ம வளாகத்துல வேற எங்க இருக்கு? கேன்டீன்ல இல்ல. மருந்தகத்துல இல்ல. அப்படிப்பட்ட இடத்துல நாம அலமாரியை நிறுத்தி வச்சிருக்கோம். இது அறிவுக்கு நாம செய்ற அவமரியாதை இல்லையா?"

தாளாளர் தலையசைத்தார். கிளாரா கை தட்டத் தொடங்கி, பாதியில் எதற்குத் தட்டுகிறோம் என்று புரியாமல் நிறுத்தினாள்.

நூலகம் இனி அறிவு பிளாசாவாகும் என்று டீன் அறிவித்தார். காபிக் கடை ஒன்று, பேக்கரி ஒன்று, கண்ணாடிக் கடை ஒன்று. புத்தகங்கள் ஓய்வெடுக்க அடித்தளத்துக்குப் போகும். "நஞ்சுத் தகவல் மையம்" என்ற சொற்களும் வந்தன. கிளாரா நிமிர்ந்தாள். அது மையமாக இருக்காது, செயலியாக இருக்கும் என்றார் டீன். செயற்கை நுண்ணறிவுடன். பெயர் 'நஞ்சுநண்பன்'. கைப்பேசியில் வந்துவிட்டால் யாரும் யாருக்கும் போன் போட வேண்டியதில்லை.

லேபிள்களை ஸ்கேன் செய்யக் கோயம்புத்தூரிலிருந்து ஆல்வின் என்ற இளைஞர் வந்தார். மரியாதையானவர். கிளாரா அவரை உட்காரவைத்து, மூடியும் படமும்தான் வரிசை என்று ஒரு மணி நேரம் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லா இருக்குங்க மேடம். ஆனா நிறம், படம் இதெல்லாம் எங்க சாஃப்ட்வேர்ல போட இடமில்லைங்க. வேதிப்பெயர்தானுங்க. ஏ-யில இருந்து இசட் வரைக்கும்."

"வேதிப்பெயர் தெரிஞ்சா அவுக எதுக்குப்பா நம்மகிட்டக் கேக்கணும்?"

ஆல்வின் கொஞ்சம் யோசித்தார். அதை மேலிடத்துக்கு எழுதுவதாகச் சொன்னார். பிறகு எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தார். வண்ணத்தில் எடுத்தால் இடம் அதிகம் பிடிக்குமாம். ஸ்கேன் முடிந்த லேபிள்களில் பூச்சிமருந்து வாடை வருகிறது, காபிக் கடைக்கு ஆகாது என்று தர உறுதிப் பிரிவு சொன்னது. மருத்துவக் கழிவு வண்டி வந்து அள்ளிப்போனது. அன்று கிளாரா விடுப்பில் இருக்கவில்லை. தாளாளரின் மருமகளுக்குப் பிளாசாவின் வரைபடத்தைக் காட்டும்படி மாடிக்கு அனுப்பப்பட்டிருந்தாள்.

தேக்கு அலமாரியை மட்டும் விடவில்லை. பாரம்பரிய அழகு என்று மெருகேற்றிக் காபிக் கடையில் நிறுத்தினார்கள். இழுப்பறைகளில் அவள் எழுதிய சீட்டுகளை உரித்துவிட்டு வெள்ளைச் சர்க்கரை, நாட்டுச் சர்க்கரை, கலக்கும் குச்சி, காகிதக் கைக்குட்டை என்று புதுச் சீட்டு ஒட்டினார்கள். கிளாராவுக்குப் பிளாசாவின் ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. 'தகவல் வரவேற்பாளர்' என்று பலகை. பெரும்பாலும் கழிவறை எங்கே என்று கேட்டார்கள்.

டீன் மறந்திருப்பார் என்று அவள் சடையாண்டியிடம் சொன்னாள். பதினாறு வருடம் ஆயிற்று, பெரிய பொறுப்பு, தலைக்கு மேல் வேலை. தெரிந்தே செய்திருக்க மாட்டார். சடையாண்டியைக் கண்ணாடிக் கடைக் கதவைத் திறந்துவிடுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அதிலும் தலைக்கு மேல் அதே கருவி.

ஜூலையில் ஒரு புதன்கிழமை, பதினொன்றரை மணி. எரியோடு பக்கத்து மிளகாய்த் தோட்டத்தில் எதிர்காற்றில் மருந்தடித்த பேச்சாயி என்ற பெண்ணை, அவள் புருஷன் சங்கிலி தூக்கிக்கொண்டு வந்தார். வாயில் நுரை, கண்மணி ஊசிமுனை. பணியில் இருந்தவர் ஜெரின் என்ற இளம் டாக்டர். முதல் ஊசி, இந்த அறிகுறி காட்டுகிற எந்தப் பூச்சிமருந்துக்கும் ஒன்றுதான், அதைப் போட்டுவிட்டார். இரண்டாவது ஊசிக்குத்தான் மருந்து எது என்று தெரிய வேண்டும். ஒன்றுக்கு அது உயிர்காக்கும், இன்னொன்றுக்கு அதைப் போடக் கூடாது.

"சிவப்பு மூடி சாமி. புலிப் படம் போட்டது," என்றார் சங்கிலி.

ஜெரின் நஞ்சுநண்பனைத் திறந்தார். வேதிப்பெயரை ஆங்கிலத்தில் உள்ளிடவும் என்றது. புலி என்று போட்டுப் பார்த்தார். முடிவுகள் இல்லை என்றது. தேடல் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டது. கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு பிளாசாவுக்கு ஓடினார்.

"மேடம், சிவப்பு மூடி புலி."

கிளாரா எழுந்து ஓடி, காபி வாங்க நின்றவர்களை விலக்கிக்கொண்டு பழக்கத்தில் மூன்றாம் வரிசையில் நான்காவது இழுப்பறையை இழுத்தாள். உள்ளே நாட்டுச் சர்க்கரைப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. கடைக்காரப் பெண் ஒன்றா இரண்டா என்று கேட்டாள்.

அவள் நினைவில் இரண்டு புலியும் இருந்தன. ஆனால் கம்பெனிக்காரன் போன வருடம்தான் ஒரு புலிக்கு உள்ளே மருந்தை மாற்றியிருந்தான், அட்டையின் பின்பக்கம் சிவப்பு மையில் திருத்தியிருந்தாள், எந்தப் புலிக்கு என்பது மட்டும் நெஞ்சுக்குள் தடுமாறியது. ஓர் உயிரை வைத்துக்கொண்டு தடுமாறக் கூடாது. எரியோட்டில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் ரொனால்டுக்குப் போன் போட்டாள். அவர் கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தார், திண்டுக்கல் தாண்டி. பாதிச் சாப்பாட்டில் எழுந்து வண்டியை எடுத்து, கடையைத் திறந்து, இரண்டு டப்பாவையும் முன்னும் பின்னும் படமெடுத்து அனுப்ப ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆயிற்று. அவ்வளவு நேரமும் கிளாரா அவசரப் பிரிவு வாசலில் கைப்பேசியைப் பார்த்தபடி நின்றாள். படம் வந்ததும் சங்கிலி விரலை வைத்துக் காட்டினார்.

"இது. பாயிற புலி."

பேச்சாயி பிழைத்தாள். ஒன்பது நாள் செயற்கைச் சுவாசத்தில் இருந்து பிழைத்தாள். அந்த ஒரு மணி பத்து நிமிடம் இல்லாவிட்டால் மூன்று நாளில் நடந்து போயிருப்பாள் என்று ஜெரின் சொன்னார். சொன்ன பிறகு, இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

பத்தாம் நாள் தர உறுதிப் பிரிவிலிருந்து கிளாராவுக்கு ஒரு படிவம் வந்தது. 'நஞ்சுநண்பன் செயலியால் காப்பாற்றப்பட்ட முதல் உயிர்' என்று தலைப்பு. சாட்சிக் கையெழுத்துப் போடும் இடத்தில் அவள் பெயர் அச்சாகியிருந்தது. அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு டீன் அறைக்குப் போனாள்.

அவர் எழுந்து நின்று வரவேற்றார், டீ சொன்னார். செயலி எதையும் கண்டுபிடிக்கவில்லை, கடைக்காரர்தான் படம் அனுப்பினார் என்று அவள் நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க எங்க நின்னு போன் போட்டீங்க மேடம்?"

"பிளாசாவுல."

"பிளாசாவுல நடக்கிறது பிளாசாவோட சேவை. செயலி பிளாசாவோட செயலி. இதுல எந்த வார்த்தை பொய்?"

கிளாரா டீயைத் தொடவில்லை.

"சார், அந்த அலமாரிய நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து வச்சோம். ரெண்டு புலின்னு சொன்னதே நீங்க."

ஞானதாஸ் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே ஆம்புலன்ஸ் திரும்பிக்கொண்டிருந்தது.

"அது எப்பவோ ஹவுஸ் சர்ஜனா இருந்தப்ப மேடம். எனக்கு அதெல்லாம் சுத்தமா ஞாபகமில்ல," என்றார்.

அது ஒரு விதத்தில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. மறந்துபோன ஆள்மேல் எவ்வளவு கோபப்படுவது? படிவத்தில் கையெழுத்துப் போடாமல் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு வாரம் கழித்துப் பேச்சாயியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சங்கிலி பிளாசாவுக்குள் வந்தார். சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். டப்பாவை ஊறவைத்துக் கிழியாமல் உரித்த லேபிள். கழுவிக் காயவைத்திருந்தார்.

"அந்த டாக்டரு தம்பி சொன்னாரு, நீக இதச் சேத்து வப்பீகளாம்ல. நாளப்பின்ன எவனுக்காச்சும் ஒதவும்," என்றார்.

கிளாரா வாங்கிக்கொண்டாள். வைக்க இடம் தேட வேண்டியிருக்கவில்லை. அவர் போன பிறகு கைப்பையில் மிச்சமிருந்த வெற்று அட்டையில் அதை ஒட்டி, பின்பக்கத்தில் விஷத்தின் பெயர், மாற்று மருந்து எல்லாம் எழுதினாள். கண்ணாடித்தாள் உறைக்குள் போட்டு மூடினாள். காபிக் கடையில் கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, அதே நான்காவது இழுப்பறையைத் திறந்து, சர்க்கரைப் பொட்டலங்களை முன்னுக்குத் தள்ளி அட்டையைப் பின்னால் நிறுத்தி மூடினாள். யாரும் பார்க்கவில்லை. பார்த்தவர்களுக்கும் அது நாட்டுச் சர்க்கரை எடுக்கிற மாதிரிதான் இருந்தது.

நான்கு நாள் கழித்து குறிப்பாணை வந்தது. சடையாண்டிதான் கொண்டுவந்தார். படித்துவிட்டு வந்த முகம். உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றார்.

காபிக் கடையினர் புகார் செய்திருக்கிறார்கள் என்றும், உணவுப் பொருள் வைக்கும் இடத்தில் விஷம் சம்பந்தப்பட்ட காகிதத்தை வைத்தது பொதுச் சுகாதாரத்துக்குக் கேடு என்றும், ஒரு மருத்துவ நிறுவனத்தில் இப்படி உயிரோடு விளையாடுவதை அனுமதிக்க முடியாது என்றும் அதில் இருந்தது. மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். வழக்கமாகத் தர உறுதிப் பிரிவு தட்டச்சு செய்து கொடுக்க டீன் கையெழுத்து மட்டும் போடுவார். இந்த முறை குற்றச்சாட்டுப் பத்தியில் கோடிட்ட இடத்தை டீனே தன் கையால் நிரப்பியிருந்தார். அந்தக் கையெழுத்து கிளாராவுக்குத் தெரியும். பழைய அட்டைகளில் பாதி அந்தக் கையெழுத்துதான்.

அவள் இரண்டு முறை படித்தாள்.

'மேற்படி காகிதம், மூன்றாம் வரிசை, இடமிருந்து நான்காவது, சிவப்பு மூடி பாயும் புலி இழுப்பறையில் வைக்கப்பட்டிருந்தது.'

இழுப்பறையில் இப்போது நாட்டுச் சர்க்கரை என்றுதான் எழுதியிருக்கிறது. லேபிளில் புலிப் படம் இருந்தாலும், அந்த இழுப்பறைக்குப் புலி என்ற பெயர் இப்போது எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஐந்து வரிசை, நாற்பது இழுப்பறை, எதில் எது என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

"என்ன மேடம்?" என்றார் சடையாண்டி.

"ஒண்ணுமில்ல. மறக்கல அவரு."

சடையாண்டிக்கு அது புதுச் செய்தி இல்லை என்பது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது. கிளாரா தாளை எடுத்தாள். மூன்று நாள் தேவைப்படவில்லை.

'குறிப்பாணை கிடைக்கப்பெற்றேன். காகிதம் சரியான இடத்தில்தான் வைக்கப்பட்டது என்பதைத் தங்கள் கைப்படத் தாங்களே உறுதி செய்துள்ளீர்கள். தவறான இடத்தில் இருப்பது சர்க்கரை.'

கீழே 'தங்கள் உண்மையுள்ள' என்று எழுதும் இடத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு பெயரை மட்டும் எழுதி, மடித்து, சடையாண்டியிடம் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். நிலைக்கு மேலே இருந்த கருவி ஒன்று கூட்டிக்கொண்டது.